புரட்டு அல்ல, பெரட்டு

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது. டாங்கி பாதிதான்.

ஹேவாஹெட்டயில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதி முடித்து நேற்றுதான் நிம்மதி. விடியலில் சனம் வரிசையில் நின்று, பேர் கொடுத்து, எந்த மலையில் வேலை என்று கேட்டுப் போகும் இடம் பெரட்டுக்களம். தெளிவாக எழுதியிருந்தேன். இன்று பார்த்தால் 'புரட்டுக்களம்'! 'தும்பி' என்று பெயர் வைத்துக்கொண்ட எவனோ. குறிப்பு வேறு: "எழுத்துப்பிழை திருத்தம்."

புரட்டு என்றால் பித்தலாட்டம். என் சனம் பித்தலாட்டக் களத்திலா நின்றது?

திருப்பி மாற்றினேன். மத்தியானம் மறுபடி புரட்டு. மாற்றினேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் மறுபடி. மாற்றி, "அடே தும்பி, கையை வைக்காதே" என்று குறிப்பும் போட்டேன்.

ஞாயிறு அக்கா வருகிறாள். காலமெல்லாம் அந்தக் களத்தில் நின்றவள். வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 4, புதன்

பக்கத்தில் மீண்டும் புரட்டு. எனக்கோ தடை! ஒரு வாரம் அந்தப் பக்கத்தைத் தொடக்கூடாதாம். வாதாட என்றே இருக்கும் பேச்சுப் பக்கத்தில் பேசலாமாம்.

மருமகள் சுமதி விதிகளை வாசித்தாள். எதிரியின் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்:

– மற்றவர் நல்லெண்ணத்தோடு செய்தார் என்று நினைக்கவும். (முடியாது.)
– ஆளை விட்டு எழுத்தைப் பற்றிப் பேசவும். (ஆள்தானே எழுதினான்?)
– பக்கம் யாருக்கும் சொந்தமில்லை. (அங்கே பிறந்தது நானா, தும்பியா?)
– சொந்த அனுபவம் சான்று ஆகாது. (அநியாயம்.)

"'அடே'ன்னு எழுதியிருக்கீங்க மாமா. அதுவும் ஒரு காரணம்."

"பின்ன, 'வாங்க தும்பி, உக்காருங்க'ன்னா எழுதுறது?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் மாமா."

மார்ச் 5, வியாழன்

முழங்கால் தைலம் முடிந்தது. வாங்க வேண்டும்.

பேச்சுப் பக்கத்தில் மரியாதையாகவே எழுதினேன்: "மதிப்புக்குரிய தும்பி அவர்களே, பெரட்டு என்ற சொல்லைத் தாங்கள் கேட்டதில்லை என்பது தங்கள் குற்றமல்ல, வளர்ப்பு அப்படி." கீழே 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' போட்டு, முழுப் பெயர், விலாசம், டெலிபோன் நம்பர்.

சுமதி ஓடி வந்தாள். "ஐயோ மாமா, ஊரு உலகமே பாக்கும்! நாலு நெளிகோடு போட்டா போதும், பேரு தானா வரும்."

விலாசத்தையும் நம்பரையும் எடுத்தாள். வளர்ப்பையும் எடுத்துவிட்டாள். நெளிகோட்டைத் தேடிப் பிடித்துப் போட்டேன். பெயர் தானாக வந்தது. அது ஒன்று நல்ல ஏற்பாடு.

பொழுது சாய பதில்: "வணக்கம் ஐயா. அகராதியில் பெரட்டு இல்லை. அச்சில் வந்த சான்று தந்தால் நானே மாற்றுகிறேன். உங்கள் கட்டுரை அருமை."

அருமையாம். மயக்கப் பார்க்கிறான்.

மார்ச் 6, வெள்ளி

கண்டிக்கு பஸ். நின்றுகொண்டே. நூலகத்தில் தோட்டங்களைப் பற்றிய ஒரு புத்தகம். இருக்கிறது! ஆனால் 'பிரட்டுக்களம்'. பி! புத்தகம் எழுதினவன் ஒற்றை எழுத்தில் கெடுத்துவிட்டான்.

காட்டினால் 'பிரட்டு' ஏறும். காட்டாவிட்டால் அக்காவுக்குப் 'புரட்டு'தான். தைலம் வாங்க மறந்தேன். புத்தகத்தைத் தும்பிக்குக் காட்டப்போவதில்லை. அக்காவுக்கு நானே பெரட்டு என்று வாசித்துவிட்டால் தீர்ந்தது.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வந்து கதிரையில் உட்கார்ந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

"நீ வேணாம்டா தம்பி. நீ கோயில் மைக்குல கத்துற மாதிரி படிப்ப. சுமதி, நீ படிம்மா."

நான் கண்ணைக் காட்டினேன். சுமதி கவனிக்கவில்லை. 'புரட்டுக்களம்' என்று தெளிவாக வாசித்தாள்.

 அக்கா வெற்றிலை தெறிக்கச் சிரித்தாள். "சரியாத்தான்டா எழுதியிருக்கு! கூடை நெறையக் கொழுந்து எடுத்தாலும் அரைப்பேர் போட்டு அரை நாள் சம்பளந்தான் குடுப்பானுங்க. கேட்டா, நாளைக்குப் பாக்கலாம்பானுங்க. அந்தக் களத்துல சொன்னது அம்புட்டும் புரட்டு! யாரு எழுதுனது, நீயா?"

"தும்பி."

"நம்ம தோட்டத்துப் புள்ளயாத்தான் இருக்கும். நல்லா இருக்கட்டும்."

அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வந்து நேராகப் பேச்சுப் பக்கம். "மதிப்புக்குரிய தும்பி அவர்களே, அச்சுச் சான்று கிடைத்தது. பிரட்டுக்களம். உடனே மாற்றவும்." நாலு நெளிகோடு. அந்தப் 'பி'யைத் தடை முடிந்ததும் பார்த்துக்கொள்கிறேன்.

"அத்தை சொன்னதையும் எழுதலாமே மாமா?" என்றாள் சுமதி.

எழுதவில்லை. சொந்த அனுபவம் சான்று ஆகாது. விதி என்றால் விதி.