என் விருப்பம் எனப் பதிவான குரல்

அனுப்புநர்:
நீதிமன்றச் சைகை மொழிபெயர்ப்பாளர்
(மூட்டுவாதப் பிரிவு, நோயாளர் எண் 4417),
மூக்குக்கண்ணாடிப் பட்டறைக்கு மேல், இரண்டாம் மாடி.

பெறுநர்:
நோயாளர் குறைதீர் ஆணையர் அவர்கள்,
மருத்துவச் சேவைகள் இயக்ககம்.

பொருள்: மயக்க ஊசி போட்ட நிலையில் என்னிடம் பெற்ற ‘விருப்ப’த்தை ரத்து செய்யவும், அதன் பேரில் ஜூன் 19 அன்று என் இடது மணிக்கட்டில் செய்யவிருக்கும் அறுவை சிகிச்சையை நிறுத்தவும், மார்ச் 11-ஆம் தேதிக் காட்சிப் பதிவைக் காக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. மருத்துவமனையின் அறிவிப்பு, மே 18.
2. மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் பதில், ஜூன் 4.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கீழே எழுதியிருப்பவற்றைப் பொறுமையுடன் முழுவதும் படிக்குமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். பாதியில் நிறுத்தினால் என்னைப் புத்தி பிசகியவள் என்று தாங்கள் நினைக்க நேரிடும்.

1. எனக்கு வயது நாற்பத்தேழு. நீதிமன்றத்தில் காது கேளாதவர்களுக்கும் நீதிபதிக்கும் இடையே நின்று, சைகையைப் பேச்சாகவும் பேச்சைச் சைகையாகவும் மாற்றித் தருவது பதினெட்டு ஆண்டுகளாக என் வேலை. என் பெற்றோர் இருவருக்கும் காது கேட்காது. ஆகவே நான் வாயால் பேசுவதற்கு முன்பே கையால் பேசியவள். என் கணவருக்கும் காது கேட்காது. கீழேயுள்ள பட்டறையில் கண்ணாடி வில்லை தேய்க்கிறார். எங்கள் வீட்டில் சத்தம் போடுவது குக்கரும் நானும்தான் என்றும், இரண்டில் குக்கராவது விசிலோடு நிறுத்திக்கொள்ளும் என்றும் கேலி செய்வார்.

2. ஒன்பது ஆண்டுகளாக எனக்கு முடக்குவாதம். முதல் ஏழு ஆண்டுகள் என்னைப் பார்த்த மூத்த மருத்துவர் ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கேட்பார். “வலியை எப்படிக் குறைக்கிறதுன்னு எனக்குத் தெரியும். எதைக் குறைக்கக் கூடாதுன்னு நீங்கதாம்மா சொல்லணும்.” நானும் சளைக்காமல் அதே பதிலைச் சொல்வேன். “வலி இருந்துட்டுப் போகட்டும் டாக்டர். மணிக்கட்டு மடங்கணும். மடங்கலைன்னா நான் ஊமை.” அதை அவர் என் சீட்டின் மேல் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். அவர் ஓய்வு பெற்றபின் காகிதச் சீட்டுகள் போய்க் கணினி வந்தது. ‘நோயாளியின் விருப்பம்’ என்று புதிதாக ஒரு பகுதியும், விருப்பத்தை நோயாளியின் குரலிலேயே பதிந்துகொள்ள ஒரு பதிவாளரும் வந்தார்கள். நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு என்பதை நான் மறுக்கவில்லை.

3. மார்ச் 11 அன்று காலை இரண்டு மணிக்கட்டும் பன் மாதிரி வீங்கி, சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் மருத்துவமனையில் சேர்ந்தேன். வலது மணிக்கட்டின் உள்ளே தடித்துவிட்ட சவ்வை மறுநாள் நீக்குவது என்றும், அன்றே மூட்டில் தேங்கிய நீரை ஊசியால் எடுப்பது என்றும் மருத்துவர் விளக்கினார். இரண்டுக்கும் சம்மதித்துக் கையெழுத்திட்டேன். நீர் எடுப்பதற்காக மயக்கம் தரும் ஊசி ஒன்றைப் போட்டார்கள். தாதி பத்துவரை எண்ணச் சொன்னார். நான் நான்கு வரை எண்ணியது நினைவிருக்கிறது. அதன்பின் அன்று மாலை என் கணவர் எனக்குத் தண்ணீர் புகட்டியதுதான் நினைவிருக்கிறது.

4. மறுநாள் அறுவைக்குப் பின் விழித்தபோது என் வலது கை முழங்கை வரை கட்டப்பட்டிருந்தது. சவ்வை நீக்கியதோடு, மணிக்கட்டு எலும்புகளை உலோகத் தகடு வைத்து ஒன்றாக இணைத்தும் விட்டார்கள். விரல்கள் அசையும், மணிக்கட்டு இனி ஒருநாளும் மடங்காது. யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று கத்தினேன். தாதி திகைத்துப்போய், “என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? நீங்கதானே சொன்னீங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னீங்களே!” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் எனக்கு முதல் பயம்.

5. எங்கள் சைகையில் ஒரு வாக்கியத்தைக் கேள்வியாக்குவது மணிக்கட்டுதான். கடைசியில் கையை லேசாக மேல்நோக்கி மடக்கினால் அது கேள்வி. மடக்காவிட்டால் வெறும் செய்தி. கட்டுப் பிரித்த நாளிலிருந்து நான் என் கணவரிடம் எதையும் கேட்க முடியாதவளாகிவிட்டேன். “சாப்பிட்டாயா” என்று கேட்க நினைத்தால், “சாப்பிட்டாய்” என்று அவருக்கு அறிவிக்கிறேன். அவர் பொறுமையாக, இல்லை, இன்னும் இல்லை என்று திருத்துகிறார். வீட்டில் புருவத்தை உயர்த்திச் சமாளிக்கலாம். சாட்சிக் கூண்டில் முடியாது. மே 6 அன்று, சலவை நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம், “அன்று கதவைப் பூட்டினீர்களா?” என்று வக்கீல் கேட்டார். என் கை வழியாக அது, “அன்று கதவைப் பூட்டினீர்கள்” என்று போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் இல்லை இல்லை என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். நடந்தது என் பிழை என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டு நானே இறங்கிவிட்டேன். அன்றிலிருந்து விடுப்பில் இருக்கிறேன். கேள்விகளை இடது கையால் கேட்கப் பழகி வருகிறேன்.

6. மே 18 அன்று அறிவிப்பு வந்தது: இடது மணிக்கட்டை இணைக்கும் அறுவை ஜூன் 19 அன்று நடைபெறும். ‘நோயாளியின் விருப்பம்: முன்பு பதிந்ததே தொடரும்’ என்றிருந்தது. அந்த முந்தைய விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பதிவறையில் ஒரு மேசை முன் உட்கார வைத்துக் காதில் மாட்டிக்கொள்ளக் கருவி கொடுத்தார்கள்.

7. ஐயா, அது என் குரல்தான். இதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் ‘ங்க’ போடும் விதம், வாக்கியத்தை முடிக்கும்போது லேசாகக் கனைப்பது, எல்லாம் நான்தான். பதிவாளர், “வலி போறது முக்கியமா, கை மடங்குறது முக்கியமா?” என்கிறார். என் குரல், “வலி போனாப் போதுங்க. கை என்னத்துக்குங்க? நெறைய பேசியாச்சு” என்று சொல்லிச் சிரிக்கிறது. நான் முப்பது ஆண்டுகளாக அப்படிச் சிரித்ததில்லை. பள்ளியில் ஆசிரியைக்கு நல்ல பிள்ளையாக இருந்தபோது அப்படிச் சிரித்திருக்கிறேன்.

பிறகு, “சவ்வை எடுக்கும்போதே தகடும் வெச்சு இணைச்சிடலாம்னு டாக்டர் சொல்றாரு. சரிங்களா?” என்ற கேள்வி. அதற்குப் பதினொரு விநாடிகள் பதில் இல்லை. அந்த மௌனத்தின் பின்னால் ஒரு சத்தம் கேட்டது: டொக், டொக்-டொக். பதிவறை எழுத்தரிடம் அது என்ன என்று கேட்டேன். “ஃபேனா இருக்கும்மா” என்றார். அது ஃபேன் இல்லை. காது கேளாதவரைக் கூப்பிட மரத்திலோ இரும்பிலோ தட்டுவோம். அதிர்வு அவரைப் போய்ச் சேரும். ஒன்று, பிறகு இரண்டு. எங்கள் வீட்டில் என் கணவரை நான் அழைக்கும் தட்டு அது. என் குரல் கட்டிலில் பேச்சை நிறுத்தியிருந்த நேரத்தில், அந்த அறையில் வேறு யாரோ என் கணவரை அழைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் சட்டென்று நின்றது. உடனே என் குரல், “சரிங்க” என்றது. இன்னொரு கைக்கும் இதேதானா என்று கேட்டதற்கு, “அதுக்கும் சரிங்க.”

8. சிகிச்சை அறையில் ஒரு கண்காணிப்புக் கேமரா உண்டு. படம் மட்டும் பதியும், ஒலி பதியாது. மே 27 அன்று அதை நானும் என் கணவரும் இரண்டு முறை பார்க்க அனுமதித்தார்கள். பிரதி தரவில்லை. திரையில் நான் தலையணையில் சாய்ந்து பதிவாளரைப் பார்த்துப் பேசுகிறேன், சிரிக்கிறேன். முகம் முழுவதும் சம்மதம். ஆனால் போர்வைக்கு மேலே கிடந்த என் கைகள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. பதிவாளரிடம் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துப் பேசின.

என் கணவர் எனக்கு முன்பே படித்துவிட்டார். நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். நீதிமன்ற வழக்கப்படி ஒருவர் படித்ததை மற்றவர் அறியாமல் தனித்தனித் தாளில் எழுதினோம். பிறகு ஒப்பிட்டோம். ஒரு சொல்கூட வேறுபடவில்லை. அதன் உண்மைப் பிரதியை இணைத்துள்ளேன் (இணைப்பு 1). கைகள் சொன்னவை இவை: “வேண்டாம். மணிக்கட்டைத் தொடாதே. வாய் தூங்குகிறது. நாளைக்குக் கேள். அவர் எங்கே? அவரைக் கூப்பிடு.” ஊசியின் தயவால் வலி தெரியாமல், வீங்கிய கை கட்டில் கம்பியைத் தட்டுகிறது: ஒன்று, பிறகு இரண்டு. என் கணவரை நான் அழைக்கும் சைகையை, விரலை வளையமாக்கிக் கண்ணருகே வைப்பதை, ஒன்பது முறை செய்கிறது. அவர் அப்போது கீழே மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தார்.

ஐயா, பிறர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்தவள் நான். அன்று முதல்முறையாக என் கைகளையே, எனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் கைகளைப் போல மொழிபெயர்த்தேன். என் வலது மணிக்கட்டு மடங்குவதை நான் கடைசியாகப் பார்த்ததும் அந்தத் திரையில்தான். “அவர் எங்கே?” என்பதைக் கேள்வியாகவே, மிக அழகாகக் கேட்டது.

9. அதன்பின் நடந்தது: பதிவாளர் குரல் பதியும் கருவியை மடியில் வைக்கிறார். குனிந்து, தன் இரண்டு உள்ளங்கைகளாலும் என் கைகளைப் போர்வையோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறார். கைகள் இரண்டு முறை துள்ளி அடங்குகின்றன. என் வாய் அசைகிறது. ஒலிப்பதிவின் நேரத்தோடு பொருத்திப் பார்த்தோம். “சரிங்க” என்பது அந்த விநாடியில் சொல்லப்பட்டது.

10. மே 31 அன்று அந்தப் பதிவாளர் எங்கள் வீடு தேடி வந்தார். சின்னப் பெண். கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. “கை நடுங்குதுன்னு நெனச்சேங்க்கா. ஆறுதலாத்தான் பிடிச்சேன். பிடிச்சதும் நின்னுடுச்சு. உங்க கண்ணுல தண்ணி வந்துச்சு. வலி போன நிம்மதின்னு நெனச்சுட்டேன்” என்றார். அந்தப் பெண் சொன்னதைக் கையால் என் கணவருக்குச் சொன்னேன். அவர் எழுந்து போய் அந்தப் பெண்ணுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அந்தப் பெண் தானாக எழுதிக் கொடுத்த வாக்குமூலம் இணைப்பு 2. அவர்மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று வேண்டுகிறேன். எப்போது கேட்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

11. இவை அனைத்தையும் கண்காணிப்பாளருக்கு எழுதினேன். ஜூன் 4 அன்று பதில் வந்தது: “நோயாளியின் வாய்மொழி விருப்பமே செல்லத்தக்கது. கை அசைவுகள் மருந்தினால் உண்டான தன்னிச்சைச் செயல்கள்.” தன்னிச்சை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தானாக நிகழ்வது ஒன்று. தன் இச்சைப்படி நிகழ்வது மற்றொன்று. அவர் முதல் பொருளில் எழுதியிருக்கிறார். உண்மை இரண்டாவது பொருளில் இருக்கிறது.

அறுவைக்கு வராவிட்டால் ‘சிகிச்சையை மறுத்தவர்’ என்று குறித்து, நோயை ஓரளவு அடக்கி வைத்திருக்கும் என் மாதாந்திர ஊசியும் நிறுத்தப்படும் என்று அதே கடிதத்தில் உள்ளது. நான் சிகிச்சையை மறுக்கவில்லை. என் இடது கை வலிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. கொதிக்கிறது. என்ன செய்யலாம் என்பதை மருத்துவரும் நானும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

12. மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஜூன் 5 பகல், மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். “நீங்க ஏற்கெனவே ஓகே சொல்லிட்டீங்கம்மா. இப்ப மாத்த சிஸ்டத்துல இடமே இல்ல. பத்தொம்பதாம் தேதி காலைல வெறும் வயித்துல வந்துடுங்க, சரிங்களா?” என்றார்கள். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மரியாதையாகக் கேட்டவர்களுக்கு மரியாதையாகப் பதில் சொல்லிப் பழகிய வாய், “சரிங்க, பார்க்கறேங்க” என்றது. சமையலறையில் இருந்த என் கணவர் கையைத் துடைத்தபடி ஓடி வந்தார். ஏன் கூப்பிட்டாய் என்றார். நான் கூப்பிடவில்லையே என்றேன். அவர் மேசையைக் காட்டினார். என் இடது கை தட்டிக்கொண்டிருந்தது. அன்று எனக்கு எந்த ஊசியும் போட்டிருக்கவில்லை. இப்போதெல்லாம் காய்கறிக் கடையில் சரி என்று சொன்னாலும் ஒருமுறை குனிந்து என் கையைப் பார்த்துக்கொள்கிறேன்.

13. ஆகவே தங்களை வேண்டுவது: ஜூன் 19 அறுவையைத் தற்காலிகமாகவாவது நிறுத்தவும், மார்ச் 11 காட்சிப் பதிவை அழிக்காமல் காக்கவும் ஆணையிட வேண்டும். என் விருப்பத்தைப் புதிதாக, எந்த மயக்க மருந்தும் இல்லாத ஒரு காலையில், என் கணவரும் சைகை படிக்கத் தெரிந்த ஒருவரும் உடனிருக்கக் கேட்க வேண்டும். மயக்க ஊசி போட்டவரிடம் இனி யாரும் எந்த விருப்பத்தையும் கேட்கக் கூடாது என்று எல்லா மூட்டுவாதப் பிரிவுகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். தாங்கள் விசாரணைக்கு அழைத்தால் வருகிறேன். அப்போது என் கைகளை, ஆறுதலுக்காகக்கூட, யாரும் பிடிக்காதிருக்கச் சொல்லுங்கள்.

கேமராக் காட்சிகளை நூறு நாள் மட்டுமே வைத்திருப்பார்கள் என்று பதிவறையில் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தேன். மார்ச் 11-க்கு நூறாவது நாள் ஜூன் 19. குரல் பதிவுகளுக்குக் காலவரம்பு கிடையாதாம்; நிரந்தரமாக வைத்திருப்பார்களாம். அந்த ஒரே நாளில் என் இடது மணிக்கட்டும் போய், கைகள் பேசிய காட்சியும் அழிந்துவிட்டால், பிறகு என் சார்பில் பேச மிஞ்சுவது அந்தக் குரல் மட்டும்தான். எது கேட்டாலும் அது சரி என்றுதான் சொல்லும்.

விரைந்து ஆணையிடுவீர்கள் என்று காத்திருக்கும்,

(ஒப்பம் – இடது கையால்)
நீதிமன்றச் சைகை மொழிபெயர்ப்பாளர்,
நோயாளர் எண் 4417.

நாள்: ஜூன் 9
இடம்: மேற்கண்ட முகவரி

இணைப்பு: 1. மார்ச் 11 காட்சியில் கைகள் சொன்னவற்றின் மொழிபெயர்ப்பு, இரு பிரதிகள் (என் கையெழுத்தில் ஒன்று, என் கணவரின் கையெழுத்தில் ஒன்று).
2. பதிவாளரின் வாக்குமூலம்.