திடுக்கிடாதவன்

12-7-1968, வெள்ளி

பிறந்ததும் அழாத என் மகனை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆக்சிஜன் வைத்ததில் உடம்பின் நீலம் போய்விட்டது. "மூச்சில்லாத நேரத்துல மூளை கெட்டிருக்கலாம். சத்தத்துக்குத் திடுக்கிடுறானா பாருங்க" என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்.

மத்தியானம் தூளிக்குப் பக்கத்திலேயே தறியில் உட்கார்ந்தேன். ஊடு இழையை நெருக்கும் பலகையை ஓங்கி அடித்தேன். அவன் அசையவில்லை. இன்னும் ஓங்கி அடித்தேன்.

"பாருடா, தறி சத்தத்துலயே தூங்கிக்கினு இருக்கான். நெசவுக்காரன் புள்ளன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றாள் அக்கா. பிரசவத்துக்குப் பிறகு சரசு இன்றுதான் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். பொழுது சாயும்வரை அடித்துக்கொண்டே இருந்தேன்.

ஓங்கி அடித்த இடத்தில் சேலை அட்டைபோல் இறுகிவிட்டது. காலையில் பிரிக்க வேண்டும். சரசு ஏன் என்று கேட்பாள்.