வருசம் திரும்புமுன் நட்ட கல்

உத்தனப்பள்ளி,
ஆடி வெள்ளி, 1995

அன்பு மகன் சம்பங்கிக்கு அம்மா முனிலட்சுமி எழுதிக்கொண்டது. நானும் மாடுகளும் சுகம். ராகி விதைத்தாயிற்று. ஆரல்வாய்மொழிக் காற்று உன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

காற்று நன்றாக அடிக்கிற நாளிலும் காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்கள், கரண்டைக் கொண்டுபோக லைன் போதவில்லை என்று எழுதியிருந்தாய். தெற்கிலிருந்து வரும் கரண்டை ஓசூர் கம்பெனிகளுக்குக் கொண்டுபோக இங்கே பெரிய லைன் போடுகிறார்கள். நம் நிலத்திலும் ஒரு டவர் வருகிறது.

கோபப்படாமல் படி. டவருக்கு முளை அடித்தது உன் அப்பாவைப் புதைத்த இடத்தில். அளக்க வந்தவர்கள்மேல் தப்பில்லை. வருசம் திரும்பாமல் கல் நடக்கூடாது, அதுவும் மகன் கையால்தான் நட வேண்டும் என்று நாம் வெறும் மண்ணாக விட்டிருந்தோம். மழையில் மேடு அமுங்கிப் புல் மூடிவிட்டது.

இஞ்சினியரிடம் சொன்னேன். “அடையாளமே இல்லியேம்மா, எப்படி நம்பறது?” என்றார். உன் பெரியப்பா திம்மப்பன், “உடும்மா, கவர்மெண்டோட மல்லுக்கட்ட முடியுமா?” என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அப்பா போன அன்று நீ பஸ் பிடித்து வந்து சேருமுன் குழியை மூடிவிட்டோம். கடைசியாக முகம் பார்க்காத பிள்ளைக்கு அந்த இடமும் இல்லையென்றால் எங்கே போய் நிற்பாய்?

மறுநாளே நானும் பக்கத்து வீட்டு வீரலட்சுமியும் பாறைக்கல் ஒன்றை வண்டியில் கொண்டுவந்து நட்டுப் பால் ஊற்றினோம். உன் பெரியப்பா ஓடிவந்து, “பொம்பள கல்லு நடற வழக்கம் எங்கம்மா இருக்குது?” என்று கத்தினார். “இன்னையிலேர்ந்து இருக்குது மாமா” என்றேன். அப்புறம் என்ன நினைத்தாரோ, இஞ்சினியர் வந்தபோது முதலில் சாட்சி சொன்னவர் அவர்தான்.

லைன் நேராகத்தான் போக வேண்டுமாம். அதே நேர்கோட்டில் டவரை முன்னே தள்ளலாம், ஆனால் கிணற்றோரத் தக்காளிப் பாத்தியில் விழும், நல்ல மண்ணாச்சே, யோசித்துச் சொல்லுங்கள் என்றார் இஞ்சினியர். யோசிக்க என்ன இருக்கிறது? காய்த்த செடிகளை நானே பிடுங்கி இடம் விட்டேன். லைன் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. நீ அங்கே சுற்றவிடுகிற காற்றாடிக் கரண்டும் இதில் வரும் அல்லவா?

உன் உரிமையை அம்மா எடுத்துக்கொண்டாள் என்று வருத்தப்படாதே. கல்லில் பேர் எழுதவில்லை. வருசம் திரும்புகிற மாசியில் வந்து நீ எழுது.

காற்றாலையில் அந்த உயரத்துக்கு ஏறும்போது பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறு, கண்ணு. காற்று பலமான நாளில் மேஸ்திரி திட்டினாலும் ஏறாதே. ஏறினால், நல்லபடியாக இறங்கிவிட்டேன் என்று உடனே ஒரு கார்டு போடு, சாமி.

உன் அம்மா,
முனிலட்சுமி