ஓங்கோலுக்கு ஒரு ஹாரன்

ஆசை மாப்பிள்ளை செல்வராசுக்கு,

நீ இருக்கிற இடத்தில் ரோடு எப்படி, டீ எப்படி என்று கேட்டு ஆரம்பிக்கலாம்தான். ஆனால் நீ எதையும் பொறுமையாகக் கேட்கிறவன் இல்லை. "விசயத்தச் சொல்லுங்க மாமா" என்று கையை ஆட்டுவாய். அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொப்பூரைக் கொடுத்துவிட்டோம். நல்ல இடம்தான். பதறாதே, முழுசாகக் கேள்.

இதை வேறு யாராவது படித்தால் குழம்புவார்கள். ஊரைக் கொடுத்துவிட்டோம் என்கிறானே, பட்டா போட்டுவிட்டானா என்று நினைப்பார்கள். எல்லாம் நீ வைத்த பேரால் வந்த வினை. நாமக்கல்லிலிருந்து வடக்கே லோடு ஏற்றிப் போகிற டிரைவர் நீ. வழியில் அடிபட்டுக் கிடக்கிற நாயைக் கண்டால் வண்டியை ஓரம் கட்டி, கேபினில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து, என் வீட்டுக் கொல்லையில் இறக்குவாய். எந்த ஊரில் எடுத்தாயோ அந்த ஊர்ப் பேர்தான் அதற்கு. நாக்பூர், ஓங்கோல், தொப்பூர். நாய்க்குப் பேர் வைக்கச் சொன்னால் மைல்கல்லைப் படிக்கிறான் என்று நான் சொல்வேன். உன் அக்கா என்னை முறைப்பாள்.

காயம் ஆறி, மயிர் முளைத்து, நாய் நாயாக ஆனதும் அதற்கு வீடு தேடுவாய். அந்த விஷயத்தில் உன்னைக் குறை சொல்ல முடியாது. பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதுபோல விசாரிப்பாய். கட்டியே போடுவார்களா, மழைக்கு உள்ளே விடுவார்களா, வீட்டில் குடிக்கிறவன் உண்டா. எல்லாம் சரியாக இருந்தால்தான் கொடுப்பாய். கொடுத்த பிறகு அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டாய். கேட்டால், "பொண்ணக் குடுத்த ஊட்டுல போயிக் கை நனைக்கக் கூடாதுங்க மாமா" என்று ஒரு சட்டம் பேசுவாய். உன் அக்காளைக் கட்டிக் கொடுத்த என் வீட்டில் மட்டும் மூன்று வேளையும் கை நனைத்தாயே, அது எந்தச் சட்டம்?

அவர்கள் போனில் படம் அனுப்பினாலும் பார்க்க மாட்டாய். உன் அக்கா நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நல்லாருக்குதா, அத மட்டும் சொல்லு" என்பாய். குமாரபாளையம் பைபாஸ் வளைவில் உன் கை ஹாரனுக்குப் போகாது. ஓங்கோல் அந்த வளைவை ஒட்டிய தெருவில் இருந்தாள் என்பதால். உன் வண்டி ஹாரன் ஊருக்கே தெரியும், மூன்று தரம் கூவிக் கடைசியில் தொண்டை கம்மிப்போகும். அது அவள் காதில் விழுந்தால் ஏங்கிப்போவாள் என்பது உன் கணக்கு. சக டிரைவர்கள் கேலி செய்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

உன் கடைசி நாளை உனக்கே சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் உனக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. சங்ககிரியில் வண்டியை நிறுத்திவிட்டு, சாப்பிட்டு, சீட்டில் சாய்ந்தாய். அப்படியே போய்விட்டாய். கிளீனர் இறங்கிப் போயிருந்தான், கூட இருந்தது தொப்பூர் மட்டும்தான். கேபின் கதவை யாரையும் திறக்க விடவில்லை அவன். பல்லைக் காட்டிக்கொண்டு உன் மேலேயே நின்றான். உன் அக்கா போய், "சாமி, நான் வந்துட்டேன்டா, எறங்கு" என்று சொன்ன பிறகுதான் இறங்கினான். அவள் அதுவரைக்கும் அழவில்லை. அவன் இறங்கி வந்து அவள் காலடியில் படுத்ததும்தான் வெடித்தாள்.

அவனை நாங்களே வைத்துக்கொள்வதாகத்தான் இருந்தோம். ஆனால் வீடு மெயின் ரோட்டில் அல்லவா இருக்கிறது. முதலாளி உன் வண்டியைக் கந்தசாமிக்குக் கொடுத்தார். நல்ல பையன், உன் சீட்டில் உட்கார முதலில் கூச்சப்பட்டான். நம் வீட்டு முனையில் ஹாரன் அடிக்காமல் யாராலும் வண்டியைத் திருப்ப முடியாது. அவனும் அடித்தான். தொப்பூர் சுவரைத் தாண்டி ரோட்டுக்கு ஓடினான். எதிரே வந்த பஸ் கிறீச்சென்று நின்றதால் பிழைத்தான். கட்டிப் போட்டோம். சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்து புண்ணானது. சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வான். ரோட்டில் விட்டால் அடிபட்டுச் சாவான், கட்டிப் போட்டால் பட்டினியில் சாவான். இதற்கு நடுவில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

அப்போதுதான் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஏழுமலை என்று ஒருவர் என் பட்டறைக்கு வந்தார். மரவள்ளிக்கிழங்கு ஏற்றுகிற டிரெய்லருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றார். நான் வீட்டு நினைப்பில் அவர் சொன்ன பச்சைக்குப் பதிலாக நீலம் அடித்துக்கொண்டிருந்தேன். என்ன ஏது என்று விசாரித்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க கெழங்குக் காட்டுக்குக் குடுங்க சார். தார் ரோட்டுக்கும் எங்களுக்கும் ரொம்ப தூரம். எங்க வீட்டுல நாய் செத்து, புள்ளைங்க சோறு எறங்காம கெடக்குதுங்க."

வீட்டில் வந்து சொன்னேன். உன் அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"ஏனுங்க, தம்பியும் போயிட்டான். இதையும் குடுத்துப்போட்டு, அப்பறம் திரும்பியே பாக்கக் கூடாதுன்னா நான் எப்புடீங்க இருப்பேன்?"

"பார்க்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்? அவன் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னது."

"வெளையாட்டில்லீங்க" என்றாள். அப்புறம்தான் நீ எனக்குச் சொல்லாமல் மறைத்த கதையைச் சொன்னாள்.

முதல் நாயாம். நான் பட்டறை வேலையாக வெளியூரில் இருந்த சமயமாம். ராசிபுரம் ரோட்டில் ஒரு டீக்கடைக்குக் கொடுத்தாயாம். மனசு கேட்காமல் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, கிளம்பும்போது வழக்கம்போல ஹாரன் அடித்தாயாம். அது உன் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்து, உன் வண்டிக்குப் பின்னால் வந்த வண்டியில் அடிபட்டுவிட்டதாம். கண்ணாடியில் பார்த்தாயாம். அன்றைக்கு உன் அக்காளிடம் அழுதுவிட்டு, மாமாவிடம் சொல்லாதே என்றாயாம். ஏன் மாப்பிள்ளை? நான் கேலி செய்வேன் என்று நினைத்தாயா? அந்த விஷயத்திலுமா கேலி செய்வேன்?

அதைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. பெண் கொடுத்த வீடு, கை நனைக்கிற பேச்சு எல்லாம் நீ மேலே போட்ட போர்வை. உள்ளே இருந்தது பயம். உன் அக்காளுக்கும் அதே பயம் தொற்றிக்கொண்டது. தொப்பூரைக் கொடுத்து, ஒரு நாள் பார்க்கப் போய், அவனும் பின்னாலேயே ஓடி வந்தால்?

"சரி, ஏற்கெனவே குடுத்த நாய்களைப் போய்ப் பார்ப்போம். அதுங்க என்ன பண்ணுதுன்னு பார்த்துட்டு முடிவு செய்யலாம்" என்றேன். மனசே இல்லாமல் வண்டியில் ஏறினாள். உன் துண்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டாள்.

குமாரபாளையத்துக்குத்தான் முதலில் போனோம். அந்த வீட்டை மறந்திருக்க மாட்டாய். உனக்குப் பெண் பார்க்கப் போன வீடு அது. "டிரைவருக்குக் குடுக்கற யோசன இல்லீங்க" என்று பெண்ணைப் பெற்ற அம்மா முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். நீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பரவால்லீங்க, நாய் வேணுங்களா?" என்று கேட்டாய். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பெண் தரமாட்டோம் என்றவர்கள் நாயை வாங்கிக்கொண்டார்கள். உலகத்தில் இந்த மாதிரி சம்பந்தம் நீ ஒருத்தன்தான் பண்ணியிருப்பாய்.

அந்தப் பெண்ணை ஈரோட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்களாம். இப்போது ஓங்கோல்தான் அந்த வீட்டுக்குப் பெண். விசைத்தறி போடுகிற சத்தத்தில் நாம் பேசுவதே நமக்குக் கேட்கவில்லை, அவள் தறிப்பட்டறை வாசலில் அண்டா மாதிரி உருண்டு படுத்துத் தூங்குகிறாள். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு வந்தாளே, அந்த இடமே தெரியவில்லை.

உன் அக்காளைப் பார்த்ததும் எழுந்தாள். கிட்டே வந்து பைக்குள் மூக்கை விட்டாள். உன் துண்டு. அப்புறம் அவள் போட்ட சத்தம் இருக்கிறதே, தறியை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். ஊளையிடுகிறாள், முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறாள், வாசலுக்குப் போய் எட்டிப் பார்க்கிறாள். உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா, தம்பி சொன்னது சரிதானுங்க. போயிரலாம்" என்றாள்.

அந்த அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. படியில் உட்கார்ந்து, "ஓங்கோலு, போதும், வா சாமி" என்றார்கள். அவ்வளவுதான் மாப்பிள்ளை. ஓடிப்போய் அவர்கள் காலடியில் படுத்துவிட்டாள். எங்களைப் பார்த்து வாலை ஆட்டினாள். ஆனால் எழுந்து வரவில்லை.

டீ வந்தது. உன் அக்கா தம்ளரைத் தொடவில்லை. அப்போது அந்த அம்மா சாதாரணமாகச் சொன்ன ஒன்றை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

"உங்க தம்பி வண்டி இந்த வழியாத்தான போவும், எங்களுக்குத் தெரியாதுங்களா? ஹாரன் அடிக்கவே மாட்டாரு. ஆனாலும் இவளுக்குத் தெரிஞ்சுருமுங்க. தறி நின்ன நேரமா இருந்தா இஞ்சின் சத்தத்துலயே கண்டுபுடிச்சுப்போடுவா. கேட்டுக் கதவுகிட்டப் போயி நிப்பா. வண்டி தாண்டிப் போனதும் திரும்பி வந்து படுத்துக்குவா."

"அழுவாளுங்களா?" என்று கேட்டாள் உன் அக்கா.

"எதுக்குங்க அழுவறா? வாலு ஆடும். பொறந்த ஊட்டுச் சனம் ரோட்டுல போனா, வாசல்ல நின்னு பாக்க மாட்டமுங்களா, அது மாதிரி. உங்க தம்பி ஒரு நா உள்ள வந்திருக்கலாமுங்க. நாங்களும் பொண்ணு குடுக்காத ஊடுன்னு சங்கடப்படறாரோன்னு கூப்புடாம இருந்துட்டோம்."

உன் அக்கா தம்ளரை எடுத்துக் குடித்தாள். குடிக்கக் குடிக்க அழுதாள். நான் வெளியே போய் வண்டியைத் துடைக்கிற மாதிரி நின்றேன்.

எத்தனை நடை போயிருப்பாய் அந்த வளைவில்? ஒவ்வொரு தடவையும் ஹாரனிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனாயே. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வாலை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். உனக்குத் தெரியாமலே போய்விட்டது. எனக்கு ஆறாத குறை அதுதான். தப்பு நீ பார்க்கப் போனதில் இல்லை மாப்பிள்ளை. முதல் நாயை ரோட்டோரக் கடையில் கொடுத்ததில்தான் தப்பு. பாலில் வாய் சுட்டவன் மோரையும் ஊதிக் குடித்த கதையாக, நீ ஆயுசு முழுக்க ஊதிக்கொண்டே இருந்துவிட்டாய். யாராவது உன்னை உட்கார வைத்து இதைச் சொல்லியிருக்கலாம். நீ யாரிடமும் வாயைத் திறக்கவில்லையே.

அடுத்த வாரம் தொப்பூரை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். போகிற வழியில் அயோத்தியாப்பட்டணத்தில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டில் நாக்பூரையும் பார்த்தோம். அவன் எங்களை அடையாளமே கண்டுகொள்ளவில்லை. திருடனைக் கண்ட மாதிரி குரைத்து ஊரைக் கூட்டிவிட்டான். மாசக்கணக்கில் கஞ்சி ஊற்றிச் சொறிக்கு மருந்து போட்ட உன் அக்காளைப் பார்த்தே குரைக்கிறான்! "மன்னிச்சுக்கோங்கம்மா, ஞாயித்துக்கெழமை பூசைக்கு எங்க கூடவே வந்து மாதா கோயில் கேட்டுல சாதுவா நிப்பான், வீட்டுக்கு யாராவது வந்தாதான் இப்படி" என்று டீச்சர் சங்கடப்பட்டார்கள். அவள் சிரித்துவிட்டாள். நீ போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். "நம்மள மறந்துட்டான் பாருங்க, நல்லா இருக்கட்டும்" என்றாள்.

ஏழுமலை காட்டில் தொப்பூரை இறக்கியபோது அவன் எங்களைப் பார்க்கவே இல்லை. மரவள்ளி வரிசைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினோம்.

கொஞ்ச காலம் விட்டு, போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம். உன் அக்கா வேனை விட்டு இறங்க யோசித்தாள். அதற்குள் வரப்பு மேல் ஒரு நாய் பிள்ளைகளோடு ஓடி வருகிறது. கழுத்தில் புண் இருந்த இடத்தில் மயிர் மூடியிருக்கிறது. அவனேதான். அவள் மேல் ஏறி, முகமெல்லாம் நக்கி, சேலையெல்லாம் சேறு. அவர்கள் வீட்டில் உட்கார்ந்து கோழிக்குழம்பும் சோறும் சாப்பிட்டோம். ஆமாம், கை நனைத்தோம். எலும்பெல்லாம் அவனுக்குத்தான்.

கிளம்புகிற நேரம் வந்தது. உன் கண்ணாடியில் நீ பார்த்தது என் கண்ணாடியிலும் தெரிந்துவிடுமோ என்று முதல் கியரிலேயே மெல்லக் கிளப்பினேன். வேன் நகர்ந்தது. அவன் பின்னால் ஓடி வந்தான். உன் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். களத்து மேடு முடிகிற இடம் வரைக்கும் வந்தான். வீட்டுப் பக்கமிருந்து ஒரு குழந்தை, "தொப்பூரு!" என்று கூப்பிட்டது. நின்றான். எங்களை ஒரு பார்வை பார்த்தான். திரும்பி நடந்தான்.

"போயிட்டானுங்களா?" என்றாள்.

"போயிட்டான். கண்ணைத் திற" என்றேன்.

கந்தசாமியிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். நீ குமாரபாளையம் வளைவில் ஹாரன் அடிக்க மாட்டாய் என்று கிளீனர் சொல்லி, உன் மேல் இருக்கிற மரியாதைக்கு அவனும் அங்கே அடிக்காமல்தான் போய்க்கொண்டிருந்தான். இனிமேல் அடி என்று சொல்லிவிட்டேன். தறிக்கார அம்மாவிடமும் கேட்டுவிட்டேன், தாராளமாக அடிக்கட்டும் என்றார்கள். நேற்று அந்தப் பக்கம் போனவன் போனில் கூப்பிட்டான். "மாமா, அடிச்சேனுங்க. கேட்டுச் சந்துல மூக்கு தெரிஞ்சுதுங்க" என்றான்.

நீ பார்க்காமல் விட்டதையெல்லாம் வருஷா வருஷம் உன் அக்காளைக் கூட்டிக்கொண்டு போய் நான் பார்த்து வருகிறேன். ஒரு வீடு விடமாட்டேன். யார் சோறு போட்டாலும் உன் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுவேன். இது சத்தியம். அந்த வளைவில் உன் வண்டி ஓடுகிற வரைக்கும் ஹாரன் கேட்கும். அவள் எழுந்து வந்து நிற்பாள். நீதான் போகிறாய் என்று நினைத்துக்கொண்டு, நிம்மதியாகத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

உன் அக்காளைக் கட்டியதால் உன் நாய்களுக்கும் உறவாகிப்போன,
உன் மாமன்.