மூண்டு தரம் பிழிஞ்ச சுவெட்டர்

1984 ஜனவரி 12, வியாழன்

என்ட அண்ணன், காக்காட கம்பளிச் சுவெட்டர் என்ட கையால சுருங்கிப் போச்சு.

இவர், என்ட புருஷன், குளிர் நுவரெலியாவுக்குப் போக, காக்காட பொண்டாட்டி மதினிக்கிட்ட நான்தான் அதை இரவல் வாங்கினன். நாலு நாள் போட்டுட்டு நல்லபடியாக் கொண்டு வந்தார். இண்டைக்குக் காலையில, திருப்பிக் குடுக்க மடிச்சு வெச்சதில மகள் மூத்திரம் பேஞ்சிட்டாள். சும்மா காய வெச்சிருந்தா ஆருக்கும் தெரியாது. ஆனா காக்கா குளிருக்கு இதைப் போட்டுத்தான் விடியச் சுபஹு தொழுவார். அசுத்தம் பட்ட உடுப்போட தொழுதாத் தொழுகை கூடாதே, நஜீஸோட எப்பிடிக் குடுக்கிற? சுடுதண்ணியில சவுக்காரம் போட்டு மூண்டு தரம் கழுவி, மூண்டு தரமும் முறுக்கிப் பிழிஞ்சன்.

பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பிறகு மதினி வந்து தூக்கிப் பார்த்தா. அரைவாசிதான் இரிந்திச்சு.

"கம்பளிய ஆரும் சுடுதண்ணியில போடுவாங்களா? பச்சத்தண்ணியில அலசி, பிழியாம, பாயில விரிச்சுக் காய வெக்கணும்."

மகள் பேஞ்சதைச் சொன்னன். மதினி வாசலை ஒருக்காத் திரும்பிப் பார்த்தா. பிறகு மெதுவாச் சொன்னா.

"நீ இரவல் கேட்ட அண்டைக்கு என்ட மகனும் இதில பேஞ்சவன். அலசினாக் காய மூண்டு நாள் போகும். நீ வாசல்ல நிண்டாய். வெயில்ல காட்டி மடிச்சுத் தந்துட்டன். ஆருக்கிட்டயும் சொல்லிராத."

நாலு நாளும் இவர் அதோடதான் அஞ்சு வக்துத் தொழுகையும் தொழுதிருப்பார்; தெரிஞ்சா அவ்வளவையும் திருப்பித் தொழணும்.

இப்ப உள்ளுக்குள்ள ராத்தொழுகை இஷா தொழுறார். சலாம் குடுத்துத் தொழுகையை முடிச்சதும் கேப்பார், மதினி என்ன சொன்னா எண்டு.