பன்னிரண்டு கொடுத்த ஜீப்

கம்பம்மெட்டு,
12.8.2025

மதிப்பிற்குரிய நாகஜோதி அக்காவுக்கு,

கர்ணன் எழுதுவது. என் நம்பரை உங்கள் போனில் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் பிக்கப் ஓட்டுகிற ஜோயல் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதாக இருந்தாலும் ஒரு தடவை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

தேவாரத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற உங்கள் ஜீப்பை ஆறு வருஷம் ஓட்டினேன். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்த வண்டி ஒன்பதுக்கு இறங்கியதும், பெட்ரோல் பங்கில் வைத்து, வேலைக்குப் போகிற பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் சாவியைப் பிடுங்கினீர்கள். "டீசலை எங்கனலே விக்கிற?" என்று கேட்டீர்கள். அந்த ஜீப்பில் என் மனைவி முத்துலட்சுமியும் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவள் அதில் ஏறுவதில்லை. பஸ் பிடித்து வேறு தோட்டத்துக்குப் போகிறாள்.

வேலையைத் திருப்பிக் கேட்டு எழுதவில்லை. இங்கே டிராக்டர் ஓட்டுகிறேன், குறையொன்றுமில்லை. நான் கேட்பது ஒன்றுதான். டேங்கை வாய் வரை நிரப்பிப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள். நீங்களே ஜீப்பில் உட்கார்ந்து மலை ஏறி இறங்குங்கள். திரும்பி வந்ததும் அதே பங்கில் மறுபடி வாய் வரை நிரப்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
கர்ணன்


தேவாரம்,
20.8.2025

கர்ணனுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

நீ சொன்னபடியே செய்தேன். உன் மேல் நம்பிக்கை வந்து செய்யவில்லை. நீ எழுதியது பொய் என்று நிரூபிக்கத்தான் செய்தேன். புது டிரைவர் சுரேஷ்கண்ணன் ஓட்டினான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் காய் பறித்து முடிக்கிற வரை வண்டியை விட்டு நகரவில்லை. ஒதுங்கப் போகும்போதுகூட காய் பறிக்க வந்த சோணையம்மாளைக் காவல் வைத்துவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து நிரப்பிப் பார்த்தால் ஒன்பதுகூட வரவில்லை.

ஆக, நீ எடுக்கவில்லை. எழுதிவிட்டேன்.

வண்டி இப்படியே குடித்தால் விற்கத்தான் வேண்டும். அதை நம்பி இருக்கிற பெண்கள் எங்கே போவார்கள்? இவ்வளவு டீசலும் எதற்குள் போகிறது என்று உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் விட்டுவிடு.

நாகஜோதி


கம்பம்மெட்டு,
26.8.2025

அக்காவுக்கு,

"நீ எடுக்கவில்லை" என்ற வரியை, சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று முத்துலட்சுமிக்குப் போனில் வாசித்தேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "கேட்டது ஊரு முன்னால கேட்டாக. இல்லைங்கிறத மட்டும் காயிதத்துல எழுதுறாகளாக்கும்?" என்றாள். அவள் சொன்னதை மறைக்காமல் எழுதிவிட்டேன்.

இப்போது வண்டி. ஏற்றத்தில் கரும்புகை வருகிறதா பாருங்கள். வந்தால் நாசில், பம்பு, ஏர் ஃபில்டர் பக்கம் கோளாறு. வண்டி நிற்கிற இடத்தில் அட்டை விரித்து வையுங்கள். அதில் ஈரம் இருந்தால் டீசல் ஒழுகுகிறது. இரண்டும் இல்லையென்றால் எஞ்சின் மேல் பழி போட வேண்டாம். ஏதோ ஒன்று வண்டியைப் பிடித்து இழுக்கிறது. டயரில் காற்று சரியாக இருக்கிறதா பாருங்கள். பிறகு சமதளத்தில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். எது கொதிக்கிறதோ அங்கே பிரேக் விடாமல் கவ்வுகிறது.

என் கணக்கு பிரேக்தான்.

கர்ணன்


தேவாரம்,
3.9.2025

தம்பி கர்ணனுக்கு,

உன் கணக்கு தப்பு.

கரும்புகை இல்லை. அட்டை காய்ந்து கிடக்கிறது. காற்று சரி. நாலு சக்கரமும் ஒரே மாதிரி வெதுவெதுப்புதான். இதற்கிடையில் போடியில் ஒரு பட்டறைக்காரர் நாசிலை மாற்றினால் தீர்ந்துவிடும் என்றார். மாற்றினேன், தீரவில்லை.

ஆனால் நீ கேட்காத ஒன்றைச் சோணையம்மாள் சொன்னாள். அவள் எப்போதும் முன் சீட்டில்தானே உட்காருவாள்? பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை வளைத்துத் திருப்பியபோது, "ஏத்தா நாகஜோதி, இது என்ன திரும்பயில மட்டும் வெறச்சுக்கிட்டுக் குதிக்குது? கயித்துல கட்டின கெடா மாதிரில்ல இருக்கு" என்றாள். அதற்குப் பிறகுதான் நானும் கவனித்தேன். தோட்டத்துச் சேற்றில் எவ்வளவு வளைத்தாலும் குதிக்கவில்லை. தார் ரோட்டில் மட்டும்தான் குதிக்கிறது. நாலு டயரும் ஒரே நாளில் போட்டவை. பின்னால் உள்ளவை நன்றாக இருக்கின்றன. முன்னால் இரண்டும் வழுக்கை.

எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் முன் சக்கரம் இரண்டும் தன்பாட்டுக்கு உருளாமல் எதனோடோ கட்டிக்கிடக்கிறது என்றுதான் தோன்றுகிறது. சுரேஷ்கண்ணனிடம் சொன்னால் சிரிக்கிறான். நீயும் சிரிப்பாயா?

நாகஜோதி


கம்பம்மெட்டு,
6.9.2025

அக்காவுக்கு,

சிரிக்கவில்லை. படித்ததும் என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். ஜோயல் ஓடிவந்து "எந்தா சேட்டா?" என்று கேட்டான்.

ஃபோர் வீல்! சேற்றுக்கு மட்டும் போடுகிற கியர். அதைப் போட்டால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றாகக் கட்டுப்படும். சேற்றில் டயர் வழுக்கிக் கொடுக்கும், அதனால் தெரியாது. தார் ரோட்டில் திரும்பும்போது முன் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். கட்டிக்கிடந்தால் ஒன்றையொன்று இழுக்கும். டீசல் எல்லாம் அந்த மல்லுக்கட்டுக்குத்தான் போகிறது.

ஆனி மழையில், நீங்கள் சாவியைப் பிடுங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், தோட்டத்துப் பாதையில் நான் அதைப் போட்டேன். பிறகு லிவரைப் பின்னால் இழுத்தேன், லேசாக வந்துவிட்டது. லிவர் மட்டும் வந்து, உள்ளே கியர் அப்படியே மாட்டிக்கொண்டிருந்தால்?

சமதளத்தில் நிறுத்தி, லிவரை டூ வீலில் வைத்து, பின் சக்கரங்களுக்கு நல்ல கல்லாக அண்டை கொடுங்கள். ஜாக்கி போட்டு ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்கிக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் நான் சொன்னது தப்பு. யாரும் வண்டிக்கு அடியில் போக வேண்டாம்.

கர்ணன்


தேவாரம்,
13.9.2025

அன்புத் தம்பி கர்ணனுக்கு,

சக்கரம் சுற்றவில்லை.

முதலில் நான் பிடித்துத் தள்ளினேன். பிறகு சுரேஷ்கண்ணன் தள்ளினான். சோணையம்மாளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. எனக்கானால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வண்டி கெட்டதற்குச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உத்தமபாளையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். லிவரையும் உள்ளே இருக்கிற கம்பியையும் சேர்க்கிற ஆணி தேய்ந்து கழன்றிருந்தது. சின்னச் சாமான். மாற்றிய பிறகு ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்புகிறது. மைலேஜ் பதினொன்றரைக்கு வந்துவிட்டது.

தோட்டத்திலிருந்து திரும்பும்போது சுரேஷ்கண்ணனிடம் சொல்லி அதே பங்கில் வண்டியை நிறுத்தினேன். எல்லாப் பெண்களும் உள்ளே இருந்தார்கள். கீழே இறங்கி நின்றேன். "எல்லாரும் கேட்டுக்கங்க. கர்ணன் சொட்டு டீசல் எடுக்கலை. வண்டியிலதான் கோளாறு. களவாணின்னு சொன்னது என் தப்புத்தான்" என்றேன். உள்ளேயிருந்து சோணையம்மாள், "இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லு ஆத்தா, அங்கிட்டு பைப் பிடிக்கிறவருக்குக் கேக்கலை" என்றாள். சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன்.

பிறகு உன் வீட்டுக்குப் போனேன். முத்துலட்சுமி வாசலில் நின்று நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். தண்ணீர் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன்.

சுரேஷ்கண்ணனுக்குக் கோயம்புத்தூரில் கம்பெனி வேலை கிடைத்திருக்கிறது, மாசக் கடைசியில் கிளம்புகிறான். வண்டிக்கு வேறு ஆள் பார்க்க எனக்கு மனசில்லை. நீ வருவாயா?

உன் அக்கா,
நாகஜோதி


கம்பம்மெட்டு,
17.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் பங்கில் சொன்னதை முத்துலட்சுமியும் போனில் சொன்னாள். அவள் குரல் பழையபடி இருந்தது. எனக்கு அது போதும்.

வர ஆசைதான். ஆனால் ஒன்றை நினைத்தால் பயமாக இருக்கிறது. இன்னும் ஒரு வருஷத்தில் மறுபடி மைலேஜ் குறையும். அன்றைக்கு நீங்கள் வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டீர்கள். ஆனாலும் நீங்கள் மீட்டரைப் பார்ப்பீர்கள், நான் உங்கள் முகத்தைப் பார்ப்பேன். அந்த ஒரு பார்வையை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது அக்கா. இதைக் கோபத்தில் எழுதவில்லை.

கர்ணன்


தேவாரம்,
20.9.2025

அன்புத் தம்பிக்கு,

குறையத்தான் செய்யும். இருபது வருஷத்து வண்டி, குறையாமல் இருக்குமா? நாசில் தேயும், பிரேக் கவ்வும், நாம் கேள்விப்படாத ஏதாவது ஒன்று கழன்று விழும். என் முகமும் கோணும். நான் அப்படிப்பட்டவள்தான், இந்த வயதில் மாறிவிடுவேன் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். நீ பேசாமல் இருந்துவிடாதே. "என்னக்கா மூஞ்சி இப்படிப் போகுது?" என்று கேட்டுவிடு. அதற்குப் பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து ஜாக்கி போடுவோம்.

இன்று காலையில் ஜீப் கிளம்பும்போது முத்துலட்சுமி தூக்குவாளியோடு வந்து நின்றாள். சோணையம்மாள் முன் சீட்டை விட்டு இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அக்டோபர் ஒன்றாம் தேதி காலையில் வண்டி கிளம்ப வேண்டும். நீ வந்து எடு.

அக்கா,
நாகஜோதி