பெயர்க் கட்டத்தில் டாம்பு

ஈவாரே,
சிரோரோ ஆற்றங்கரை
3 மார்ச் 2011

மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் சுகம். தங்கை மேவிஸின் முதுகுவலிக்கு ஐரிஸ் தேங்காய் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். லாரிக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் அவர் தன் தலைக்கே தேய்த்துக்கொள்வார்.

உங்கள் அலுவலகத்தின் குலப் பட்டியலைச் சனிக்கிழமை கோயில் சுவரில் ஒட்டிவிட்டார்கள். ஏழு குலம், நாற்பத்து மூன்று குடும்பம். காட்டைப் பாதுகாக்கும் ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுவது, காட்டுக்குள் யார் தோட்டம் போடலாம், மருந்தகம் யார் நிலத்தில் வரும், எல்லாமே இனி அந்தக் காகிதப்படிதான் என்றார்கள்.

எங்கள் குலத்தில் என் பெயர் இல்லை, மாப்பிள்ளை. குலத் தலைவர் என்ற கட்டத்தில் ‘டாம்பு’ என்று இருக்கிறது. கீழே மனைவி ஐரிஸ், பிள்ளைகள் நான்கு பேர், எல்லாம் சரி. புருஷன் மட்டும் மாறிவிட்டான். “யாருடி அந்த டாம்பு? எங்க கண்ணுலயே காட்டலியே!” என்று தண்ணீர்த்துறையில் பெண்கள் ஐரிஸைப் படுத்துகிறார்கள். பெயர் சொல்லக்கூடாத மச்சான், மாமனார், மாப்பிள்ளை எல்லோரும் நமக்கு டாம்புதானே. ஆளுக்கு ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். இதில் எந்த டாம்பு என்று யார் கண்டது?

நானும் சிரித்தேன். ஆனால் ஆட்சேபத்துக்கு மே 31 கடைசி என்று அடியில் போட்டிருக்கிறது. பார்த்துச் சரிசெய்துவிடுங்கள்.

உங்கள் மச்சான்


பொப்பொந்தெத்தா
20 மார்ச் 2011

அன்புள்ள மச்சானுக்கு,

எண்ணெய் கிடைத்தது. பாட்டில் முக்கால்தான் இருந்தது. மேவிஸ் லாரிக்காரரைத் திட்டிக்கொண்டே தேய்த்துக்கொள்கிறாள்.

அந்தத் தவறு என்னுடையது. உங்கள் மாமரத்தடியில் குடும்பம் குடும்பமாக எழுதிக்கொண்டு வந்தேன். உங்கள் குலத்துக்குத் தலைவர் யார் என்று கேட்டதும் எல்லோரும் உங்களைக் கைகாட்டினார்கள். உங்கள் தங்கையைக் கட்டி இருபத்திரண்டு வருஷமாகிறது. ஒருநாளும் உங்கள் பெயர் என் வாயில் வந்ததில்லை. பேனாவிலும் வரவில்லை. எழுதினாலும் சொன்ன மாதிரிதானே. இப்போதைக்கு ‘டாம்பு’ என்று எழுதிவைப்போம், அலுவலகத்துக்குப் போனதும் கூட வேலை பார்க்கும் ரூஃபஸை விட்டுப் பெயரை நிரப்பச் சொல்லலாம் என்று நினைத்தேன். ரூஃபஸ் மலேரியாவில் படுத்துவிட்டான். தாள்கள் தலைநகருக்குப் போய்விட்டன. அங்கே தட்டச்சு செய்தவர்கள் அதை ஒரு மனிதன் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை.

விசாரித்துவிட்டேன். எழுதியவனே நில நீதிபதி முன் நின்று, நான் குறிப்பிட்டது இன்னாரை என்று தன் வாயால் சொல்ல வேண்டுமாம். ரூஃபஸ் சொன்னால் போதாதா என்று கேட்டேன். அவன் அன்று மாமரத்தடியில் இல்லையே என்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் டாம்பு


ஈவாரே
24 ஏப்ரல் 2011

மாப்பிள்ளைக்கு,

டாம்பு வந்துவிட்டான்.

வேடிக்கையாக எழுதவில்லை. கடற்கரைப் பக்கத்தில் எண்ணெய்ப்பனைத் தோட்டம் வைத்திருப்பவன். டாம்பு ஹோம்போ என்று பெயர். அவனுடைய அப்பாவைப் பெற்றவள் எங்கள் குலத்துப் பெண், அதை இல்லை என்று சொல்ல முடியாது. அவனிடம் பிறப்புச் சான்று இருக்கிறது. எனக்குக் கிடையாது, உங்களுக்குத் தெரியும்.

“அண்ணே, கவர்மெண்டு காகிதத்துல எம்பேருதான போட்டிருக்கு?” என்றான்.

“அது பேரில்லடா, முறை” என்றேன்.

“எங்க அம்மா வச்ச பேர முறைங்கிறீங்களே!”

“அப்ப ஐரிஸ் உம்பொண்டாட்டியா?”

“அது எழுதினவன் தப்பு. ஆனா பேரு சரியாத்தான் எழுதியிருக்கான்.”

கூட்டத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள். போன மாதம் என்னோடு சேர்ந்து சிரித்த அதே ஆட்கள்தான்.

புதன்கிழமை காட்டுக் காவலர்கள் எல்லை வெட்டிக்கொண்டு வந்தார்கள். என் சேம்புத் தோட்டம் இரண்டும், வீடும் கோட்டுக்கு உள்ளே. பட்டியலில் உள்ளவர் அனுமதித்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும் என்றார்கள். பட்டியலில் உள்ளவர் என்றால் அவன். அவனை எதிரே உட்கார வைத்துக்கொண்டே சொன்னார்கள்.

நேற்று என் தம்பிகளைக் கூட்டிவைத்துப் பன்றி வெட்டினேன். என் பெயரைச் சொல்ல உங்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன், யாரும் மறுக்கவில்லை. உங்கள் பங்கைப் புகைபோட்டு அனுப்பியிருக்கிறேன். சாப்பிடுங்கள். சாப்பிட்டால் உங்கள் மேல் தோஷமில்லை. ஆறு பெருகி லாரி நின்றுவிட்டது. நடந்து வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் வந்து சொன்னாலும் எடுபடாது. நீங்கள்தான் போக வேண்டும், மாப்பிள்ளை. ஒரே ஒரு வார்த்தை.

உங்கள் மச்சான்


பொப்பொந்தெத்தா
2 ஜூன் 2011

அன்புள்ள மச்சானுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கறி வந்தது. சாப்பிட்டேன். உங்கள் பெயரை வீட்டில் தனியாக உட்கார்ந்து சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். மேவிஸ் அடுக்களையில் இருந்தாள், அதனால் சொல்லவில்லை. நாளை, மறுநாள் என்று மே மாதம் ஓடிவிட்டது. கடைசி நாள் காலை பத்து மணிக்குத்தான் நீதிபதி முன்னால் போய் நின்றேன். அவர் மலைநாட்டுக்காரர். நல்ல மனிதர்.

“இந்தக் கட்டத்துல யாரக் குறிச்சீங்க?” என்றார்.

“என் மச்சானை.”

“சரி, பேரு?”

“என் மனைவியோட அண்ணன்.”

“ஐயா, எனக்கும் மச்சான் இருக்கார். எனக்கும் புரியுது. பேரச் சொல்லுங்க.”

டாம்பு ஹோம்போவின் ஆட்கள் பின்பெஞ்சில் இருந்தார்கள். “பேரே வைக்காம வளத்துட்டாங்க போல!” என்று ஒருவன் சொன்னான். நீதிபதி அவனை வெளியே அனுப்பினார். பிறகு என் முன்னால் ஒரு தாளை நகர்த்தினார். “வாயால வரலன்னா எழுதுங்க. நானே பதிவு பண்ணிக்கிறேன். நானா பேரச் சொல்லி நீங்க தலையாட்டக் கூடாது. அதுக்கு மட்டும் சட்டத்துல இடமில்ல.”

பேனாவை எடுத்தேன். முதல் எழுத்தைப் போட்டேன். இரண்டாவது எழுத்து எனக்குத் தெரியும், மச்சான். தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணி வரை பொறுத்தார். “சாட்சி ஆளை அடையாளம் சொல்லவில்லை” என்று எழுதி மூடிவிட்டார்.

நீங்கள் அனுமதி கொடுத்தீர்கள். கறியும் தின்றேன். ஏன் வரவில்லை என்று எனக்கே தெரியவில்லை. நேற்று மேல்முறையீடு கேட்டுப் போனேன். தேதி முடிந்துவிட்டது என்றார்கள்.

வையுங்கள், திட்டுங்கள். ஆனால் எழுதுங்கள்.

உங்கள் டாம்பு


காரிசா
21 ஆகஸ்ட் 2011

மாப்பிள்ளைக்கு,

ஊர்ப் பெயர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டாம்பு ஹோம்போ அனுமதி தரவில்லை. இங்கே என் தாய்மாமன் பிள்ளைகள் ஓர் ஓரம் கொடுத்திருக்கிறார்கள். சேம்பு முற்றவில்லை. இருந்தாலும் தோண்டிவிட்டோம். விரல் தடிமன்தான் இருந்தது. வீட்டுக் கால்களைப் பிடுங்கி ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தோம். இரண்டு கால்களை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. காவலர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஒருவர் பானைகளைச் சுமந்து வந்தார்.

உங்களைத் திட்டச் சொல்கிறீர்கள். அதற்கும் வழியில்லை. நீதிபதி முன்னால் இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தது ஈவாரே முழுக்கத் தெரியும். “மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்யா, அரசாங்கமே கேட்டும் சொல்லல பாரு” என்று கிழவர்கள் தங்கள் மருமகன்களுக்குச் சொல்லிக் காட்டுகிறார்கள். நான் பன்றி வெட்டியது யாருக்கும் நினைவில்லை. என் தோட்டத்தில் டாம்பு ஹோம்போ எண்ணெய்ப்பனை வைக்க முடியாது, பாதுகாக்கப்பட்ட காடு அல்லவா. அது சும்மா கிடக்கிறது. களை மூடிவிட்டது.

இங்கே நாங்கள் எங்கே நடுவது என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். காட்டிய இடத்தில் நடுகிறோம். எங்கள் பெரியவன் கேட்பதில்லை, அதனால் சண்டை வருகிறது.

மேவிஸ் கிளம்பி வருவதாகச் சொல்லியனுப்பினாளாம். வரவேண்டாம் என்று சொல்லுங்கள். அவளைப் படுக்கவைக்க இடம் இல்லை. இருந்தால் வேண்டாம் என்பேனா?

அடுத்த வருஷம் காரிசாவிலும் குலங்களை எழுத உங்கள் அலுவலகத்திலிருந்து ஆள் வருவார்களாம். நீங்கள் வர வேண்டாம், மாப்பிள்ளை. எங்களைத் தெரியாத ஒருவரை அனுப்புங்கள்.

உங்கள் மச்சான்